அப்பா பறித்த கிளாடிப் பூக்கள்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்தவர் கதையைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போடுகிற நம் கூட்டத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்கள் லீவு விட்டால் மலைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நம்மில் பாதிப்பேருக்கு மலை என்பது கல்யாணத்துக்குப் பிறகு பார்த்த சமாச்சாரம். நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் பெருமை உண்டு.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனம். உயரம் என்று எதையாவது காட்டச் சொன்னால் கோயில் கோபுரத்தைக் காட்டுவோம். அதை விட்டால் ஆற்றங்கரை, அறுவடை முடிந்தால் வைக்கோல் போர். பந்தைக் கீழே வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். பூமி முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. ஆனி மாதம் வந்தும் வாய்க்காலில் புழுதிதான். குறுவை போயிற்று. வேலை இல்லாத விவசாயியை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்ன பாடு என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். அப்பா காலையில் எழுந்து காய்ந்த வாய்க்கால்வரை நடப்பார், திரும்பி வருவார், நன்றாக இருக்கிற மண்வெட்டிக்குக் காம்பு மாற்றுவார், மாட்டைத் திட்டுவார். சாம்பாரில் உப்பு குறைவு என்பார். மறுநாள் உப்பு அதிகம் என்பார். அப்படி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு இளைப்பு இருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும், மடியில் இரண்டு தலையணைகளை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள். எங்களுக்கு நெல் வீடு வருகிற சந்தோஷம், அவளுக்கு மூச்சு போகிற வேதனை. கடைசியில் தஞ்சாவூர் டாக்டர் மலைக்காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டார். மலைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓய்வு இல்லம் ஒன்றைப் பற்றி யாரோ சொன்னார்கள். அதன் தலைவி வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண் என்பதால் நம் மனுஷி என்ற தைரியம். ஒரு கோடைக்கு என்று அனுப்பினார்கள். அவள் பல வருஷமாகியும் வரவில்லை.

"ஒடம்பு தேவலையாயிடுச்சு. இன்னும் எதுக்கு அங்க அனாதை மாதிரி கெடக்கணும்?" என்றார் அப்பா. திருக்கடையூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், நிலபுலன் உண்டு, நல்ல மனிதர் என்று பேர். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாக்கும் கொடுத்துவிட்டார். அத்தையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். ஒரு மூட்டை அரிசி, நார்த்தங்காய் ஊறுகாய், வடகம். வயல் இல்லாத இடத்தில் மனிதர்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்பது அப்பாவுக்கு நிஜமாகவே கவலை.

மலைப்பாதையில் பஸ் ஏறத் தொடங்கியதும் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நிலம் எழுந்து நின்றது. படுத்துக்கிடந்த நிலத்தையே பார்த்து வளர்ந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? ஒரு பக்கம் தலைக்கு மேலே மரங்கள், மறுபக்கம் காலுக்குக் கீழே மரங்கள். மேகம் ரோட்டைக் கடந்து போயிற்று. எனக்குப் பயமாக இல்லை. கைகூப்ப வேண்டும் போல இருந்தது, யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

இல்லத்து வாசலில் அத்தை நின்றிருந்தாள். கன்னத்தில் சதை வைத்து, கறுத்து, கம்பளிச் சட்டைக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. அரிசி மூட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்படிச் சிரிப்பதற்கு மூச்சு வேண்டும்.

அந்த இல்லத்தில் சத்தமே கிடையாது. பேசாமல் இருப்பதற்கென்றே ஜனங்கள் பஸ் ஏறி வருவார்களாம். "வூட்ல பேசாம இருக்க முடியாதா?" என்று அம்மா கேட்டாள். நம் வீடுகளில் அது முடியாது என்று அவளுக்கே தெரியும். அடுப்படியில் மட்டும் ஒரு ரேடியோ தணிந்த குரலில் பாடிக்கொண்டிருக்கும். மதர் என்று எல்லோரும் அழைக்கிற தலைவி, நாகப்பட்டினத்துக் கருவாடு பற்றி அம்மாவிடம் ஆசையாக விசாரித்தார்.

"வாங்க, என் தோட்டத்தப் பாருங்க" என்று அத்தை எங்களை இல்லத்துக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

நான் பூ பார்க்காதவள் அல்ல. மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் நம் பூ சின்னப் பூ. கூடையில் வரும், முழத்தில் போகும், கூந்தலிலோ சாமி கழுத்திலோ முடியும். இங்கே அந்தச் சரிவு முழுவதும் என் உயரத்துக்குத் தண்டுகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு தண்டிலும் கீழிருந்து மேலாக வரிசையாய் மொட்டுகள். கீழ் மொட்டுகள் அப்போதுதான் வாய் திறந்திருந்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, உள்ளே ரத்தக்கோடு போட்ட இளஞ்சிவப்பு. பனி வந்து மூடும். ஒன்றும் தெரியாது. பனி விலகும். அத்தனையும் அங்கேயே நிற்கும். வாசனை மட்டும் துளிக்கூட இல்லை. இவ்வளவு பெரிய பூவுக்கு வாசனை இல்லாததுகூட எனக்கு ஒரு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கிளாடியோலஸ் என்று அத்தை சொன்னாள். அம்மா வாயில் அது கிளாடிப்பூ ஆயிற்று.

அப்பா பூவைப் பார்க்கவில்லை. மேலே பாறை இடுக்கிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு தொறந்து வுடுறா?"

"யாரும் இல்ல அண்ணே. அதுவா வருது."

"மொற கெடையாதா? இன்னிக்கு ஒனக்கு, நாளைக்கு அடுத்தவனுக்குன்னு?"

"கெடையாது. எப்பவும் வரும்."

மடைக்குக் காவல் கிடந்தே பாதி ஆயுளைக் கழித்த மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரை இரு கையாலும் ஏந்தி முகத்தில் அறைந்துகொண்டார். அப்பாவும் என்னைப்போல அதிசயப்படுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கணப்புக்கு முன்னால் அப்பா விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை, வாக்கு, ஆவணி. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படவில்லை.

"இங்கேயே இருந்துக்கிறேன் அண்ணே. இந்தச் சரிவு எனக்குப் போதும்."

"தனியாவா?"

"இவ்ளோ நாளா எப்படி இருந்தேன்?"

அப்பா வாக்குக் கொடுத்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை ஒரு கட்டையைத் தீக்குள் தள்ளிவிட்டுச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக் கோயிலில் திருவிழா. ஆயர், அதாவது பிஷப், வருகிறார். கோயில் முழுக்க அவள் பூதான். அது நன்றாக அமைந்துவிட்டால் சரிவை நிரந்தரமாக அவளிடமே விட்டுவிடுவதாக மதர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு பயிரிட ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்குப் போய்விடும்.

"அமையலன்னா?" என்றார் அப்பா.

"அமையலன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு ஒங்க கூட வந்துடறேன். நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன்."

"சம்மதம்" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை பூ வெட்டுகிற பெண்களை அழைத்துவர மலை டவுனுக்குப் போனாள். மறுநாள் காலை வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் இடி கேட்டது. அப்பா எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். மேகம் சரிவின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"எந்திரிங்க, எந்திரிங்க! மழை கட்டிக்கிட்டு நிக்குது. பூவு மொட்டு வெடிக்கிற பருவம். நனைஞ்சா அவ்ளோதான்."

"அவ வரட்டுமேங்க" என்றாள் அம்மா.

"கதிரு சாயப்போவுதுன்னா வயலுக்குச் சொந்தக்காரன் வரட்டும்னு கரையில நிப்பமா?"

நிற்க மாட்டோம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுவடைக்கு நிற்கிற வயல்மேல் மேகம் வந்தால், பேச்சுவார்த்தை இல்லாதவன் வயலாக இருந்தாலும் அரிவாளோடு இறங்கிவிடுவோம். யாரும் கேட்பதில்லை, யாரும் அழைப்பதில்லை. அப்படித்தான் அப்பா அன்று இறங்கினார்.

பூப் பறிக்கிற வேலையில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. விடியற்காலையில், காம்பு படாமல், நகம் படாமல், மொட்டாகக் கிள்ள வேண்டும். நான் கூடைகளை ஈரத்துணி விரித்துத் தயார் செய்தேன். ஒவ்வொரு தண்டாகப் பூவையும் மொட்டையும் கிள்ளிக்கொண்டே ஏறினோம். விரலுக்குள் அந்தப் பூக்கள் குளிர்ந்திருந்தன, கிள்ளும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கூடை கூடையாக நிறைந்தது. ஒரு கூடைக்குள் முழங்கைவரை கையைவிட்டு வைத்துக்கொண்டேன். அவ்வளவு நிறத்தையும் ஒரே இடத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. அப்பா பாட்டுக்கூடப் பாடினார். குறுவை போன பிறகு அவர் கைக்கு வேலை கிடைத்தது அன்றுதான்.

நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் அந்தப்பக்கம் போய்விட்டது. அதற்குள் சரிவு முழுவதும் முடித்திருந்தோம்.

அத்தை வந்தாள். பின்னாலேயே தகர வாளிகளும் கத்திகளும் ஏந்திய பெண்கள். அவர்களில் ஒருத்தி சரிவைப் பார்த்துக் 'களுக்' என்று சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மொட்டையான பச்சைத் தண்டுகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன.

"வாம்மா, வா" என்று அப்பா முகமெல்லாம் மலர்ச்சியாகக் கூடைகளைக் காட்டினார். "ஒண்ணுகூட நனையல. எல்லாம் காபந்து பண்ணிட்டோம்."

அத்தை கூடைக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"தண்டோட வெட்டணும் அண்ணே" என்றாள். "கீழ் மொட்டு நெறம் காட்டறப்பவே தண்டோட வெட்டித் தண்ணியில வச்சிடணும். அப்பறம் ஒவ்வொண்ணா மேல வரைக்கும் விரியும். தண்டு இல்லாட்டி இது பூவே இல்ல."

அப்பாவின் கை கூடையின் விளிம்பில் அப்படியே நின்றது. அத்தை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேணும்னு செஞ்சீங்களா அண்ணே?"

அந்தக் கேள்வியை அவள் சண்டையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்பா பஞ்சாயத்தில் நாலு பேரை வாயடைக்கிற மனிதர். பூ அமையாவிட்டால் தங்கை வீடு வருவாள் என்று சம்மதம் சொன்னவரே அவர்தான். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே அது உறைத்தது. "தெரியலம்மா, எனக்குத் தெரியல" என்றார். பூவைப் பற்றித் தெரியவில்லை என்றாரா, தன்னைப் பற்றியே தெரியவில்லை என்றாரா, அன்று எனக்குப் புரியவில்லை. இன்று எனக்கு அவரைவிட வயது அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அம்மா மட்டும் விடவில்லை. பூவாய்க் கிடக்கிறது, மாலையாவது கட்டுவோம் என்று நாரை எடுத்து உட்கார்ந்தாள். அவள் கை பட்டு வாடிய பூ இல்லை. ஆனால் கிளாடிப்பூ முடிச்சுத் தாங்கவில்லை. நார் இறுகிய இடமெல்லாம் கண்ணாடியாகக் கசிந்தது. மத்தியானத்துக்குள் கூடைப் பூக்கள் நனைந்த காகிதமாகத் துவண்டுபோயின. அம்மா நாரைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்தார். கோயிலில் காட்டுப் பெரணி இலைகளைக் கட்டியிருந்தார்கள். பூசை நடந்தது, ஆயர் போனார். மதர் அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அத்தை தன் தகரப்பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவள் அண்ணனுக்குத் தங்கைதான்.

திங்கட்கிழமை காலை, கிளம்புவதற்கு முன்னால் அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ரேடியோவில் செய்தி சொன்னார்கள். மேட்டூர் அணை திறக்கப்போகிறார்கள்.

"ஏங்க!" என்று அம்மா கத்தியதில், பேசாமலிருக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் ஜொலித்தது. தண்ணீரும் வருகிறது, தங்கையும் வருகிறாள். அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு, அத்தையைத் தேடிச் சரிவுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அத்தை குனிந்து, வெறும் தண்டுகளைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். இலைகளை மட்டும் விட்டுவிட்டு.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. இத ஏன் அறுக்கற? உருளக்கெழங்குக்காரன்தான் வரப்போறானே?"

"தண்டு நின்னா மண்ணுக்குள்ள இருக்கற பூக்கெழங்கு பெருக்காது அண்ணே."

"பெருத்து? அவன் தோண்டி எறியப்போறான்."

"எறியட்டும். அது வரைக்கும் நல்லா இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி அடுத்த தண்டுக்கு நகர்ந்தாள்.

அப்பா வரப்பில் நின்றபடி அவளையே பார்த்தார். அப்படிக் குனிந்து, அப்படி ஒன்றும் பேசாமல், பொய்த்துப்போன வயலில் அவரும் வேலை செய்வார். பயிர் போனாலும் கரையை வெட்டிச் சீர்செய்வார். அவள் அனாதையாகக் கிடக்கவில்லை, குடியானவளாக இருக்கிறாள் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்திருக்கும். நேரே மதரிடம் போனார். நானும் கூடவே நின்றேன்.

"தப்பு என்னுதுங்க. அவமேல ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல ஒரு போகம் பொய்ச்சா நெலத்தப் புடுங்க மாட்டோம். அடுத்த போகம் பாக்கச் சொல்லுவோம். அவளுக்கு இன்னும் ஒரு போகம் குடுங்க."

"பூக்கெழங்கு இருப்புல இருக்கு" என்றார் மதர். "யாரு நடுறது? இந்த மாசத்துல எல்லாரும் எஸ்டேட் வேலைக்குப் போயிடுவாங்க, ஒரு ஆளு கெடைக்காது. நீங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"நான் நடுறேன். பூக்குற வரைக்கும் இருக்கேன்."

மதர் டெல்டாக்காரர். அவருக்குத் தெரியும். "மேட்டூர் தொறக்குறாங்களாமே?" என்றார்.

"தொறக்கட்டுங்க. அந்தத் தண்ணிக்கு எங்க வயலுக்கு வழி தெரியும்." மதர் சரி என்று தலையசைத்தார்.

சம்பா நாற்று விடுகிற நேரத்தில் ஒரு தஞ்சாவூர் விவசாயி வயலை விட்டுவிட்டு மலைமேல் உட்காருகிறான் என்றால், அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "சம்பாவ யாரு பாக்குறது?" "நீதான். என்னவிட நல்லாப் பாப்ப." "திருக்கடையூர்க்காரங்களுக்கு என்ன சொல்றது?" "நான் வந்து சொல்லிக்கிறேன். வாக்குக் குடுத்தது நான். அவ குடுக்கல."

அத்தை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிவைத்த பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

நானும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறினோம். அந்தச் சம்பாவை அம்மாதான் பார்த்தாள். நாற்று விட்டாள், ஆள் கூப்பிட்டாள், மடைக்கு அவளே போய் நின்று சண்டை பிடித்தாள். "ஒங்க வூட்டுக்காரரு மலையில சாமியாராப் போயிட்டாராமே?" என்று நடவுக்கு வந்தவர்கள் சீண்டுவார்கள். "ஆமாம், கெழங்கு நடுற சாமியாரு" என்பாள் அம்மா. கோபம் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறிக்கொண்டிருந்தது. சம்பா அந்த வருஷம் அமோகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, தீபாவளிக்குச் சற்று முன்னால் அப்பா வந்து இறங்கினார். கன்னியாஸ்திரிகள் பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். கை விரலெல்லாம் பூத்தண்டு வெட்டிய கத்திக்காயம். நான் அவர் பையைக் குடைந்தேன். ஒரு பூகூட இல்லை.

"பூ எங்கப்பா?"

"அதெல்லாம் கோயிலுக்குச் சொல்லி வச்ச பூ. நாம தொடக்கூடாது" என்றார் கறாராக.

மறுநாளே திருக்கடையூர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் விஷயம் கேட்டு வந்துவிட்டார். அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, கைகூப்பி, கேட்காமல் வாக்குக் கொடுத்தது தன் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெரியவர் நல்ல மனிதர்தான். "அது கெடக்கட்டும். இவ்ளோ மாசம் அங்க இருந்தீங்க. வரும்போது தங்கச்சியையாவது ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார்.

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியாதது மாதிரி இருந்தது.

"அவ ஊர்லதானங்க இருக்கா" என்றார்.